உல்யாவின் உயரம்

பெர்ம்
ஜனவரி 14, 2013

அடி ஸோயா,

உன்னை ஸோயா என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த ஊரில் எல்லோரும் உன்னை ரயீசா என்று கூப்பிடுகிறார்கள், நீயும் பதவிசாகத் திரும்பிப் பார்க்கிறாய். என் பெயரை எடுத்துக்கொண்டாய், என் மகளை எடுத்துக்கொண்டாய். என் இடுப்பிலும் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் நம் இரண்டு பேருக்குமே நல்லதாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தையும் தபாலாபீசுக்கே அனுப்புகிறேன், நீயே போய் வாங்கிக்கொள். போனில் பேசுவது எனக்கு ஒத்துவரவில்லை. அந்த வீட்டில் சுவர் காகிதம் மாதிரி, உல்யாவோடு ஆடுகிற லேவானின் அம்மா மனானாவுக்கு நம் பாஷை நம்மைவிட நன்றாகத் தெரியும் என்றாய். அதனால் நான் போனில் அக்காவாக மட்டும் பேச வேண்டியிருக்கிறது. புத்தாண்டு அன்று என் மகள் உல்யா போனை வாங்கி, "ஹேப்பி நியூ இயர் பெரியம்மா" என்றாள். நானும் "உனக்கும்டி கண்ணு" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை, அவளும் நானும். வைத்துவிட்டு நாலு பேருக்கு அவித்த பெல்மேனிக் கொழுக்கட்டையை ஒருத்தியாகவே தின்று தீர்த்தேன்.

நீ சொல்லாதே, தெரியும். யோசனை என்னுடையதுதான். ஜார்ஜியாவிலிருந்து வந்த ரெவாஸ் கோச் பெண்ணைப் பார்க்கும் முன்னால் பெண்ணைப் பெற்றவளைப் பார்ப்பான் என்று நம் ஊர் பனிச்சறுக்கு ரிங்க் முழுக்கத் தெரியும். ஜோடி ஸ்கேட்டிங் என்றால் பையன் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தூக்கி எறிய வேண்டும். இன்றைக்குப் பூனைக்குட்டி மாதிரி இருக்கிற பெண் நாளைக்கு எப்படி வளருவாள் என்பதற்கு அவனுக்கு அம்மாக்காரியின் உடம்புதான் ஜாதகம். நான் டிராமில் டிக்கெட் கொடுக்க நடந்தால் நின்றுகொண்டிருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் விழுகிறார்கள். என்னைப் பார்த்திருந்தால் அவன் அன்றைக்கே திபிலிசிக்குத் திரும்பியிருப்பான். கடவுள் உன்னைத் தையற்காரியாகப் படைத்து, உடம்பையும் ஊசி மாதிரியே செய்துவிட்டான். நீ அம்மா என்று போய் நின்றாய். அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்தான், உல்யாவை லேவானுக்கு ஜோடியாக எடுத்துக்கொண்டான். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கையைக் காட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மாமியாரையே மாற்றிக் காட்டியவள் நான் ஒருத்திதான்.

இங்கே நம் ஸ்கேட்டிங் சங்கம் அவளை வேறு நாட்டுக்கு ஆட விடுவித்த கடிதத்தைச் சிரித்துக்கொண்டே கொடுத்தது. இவளுக்கு முன்னால் ஏழு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், எட்டாவது ஆளைப் பிடித்து வைத்து என்ன செய்வார்கள்? ஆனால் டிராமில் விடுகிறார்களா? நேற்று ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொண்ணை ஜார்ஜியாக்காரனுக்குக் குடுத்துட்டியாமே ரயீசா, அஞ்சு வருஷம் முன்னாடிதானே அவனுங்க நாட்டோட சண்டை போட்டோம்" என்றார். "இங்க எட்டாவது எடம் காலியாத்தான் இருக்கு தாத்தா, நீங்க வேணா ஸ்கேட்டை மாட்டிக்கிட்டு வாங்க" என்றேன். அந்தப் பெட்டியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

உல்யாவின் குரல் கம்மியிருந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று எழுது. பனிக்கட்டி மேல் என்ன செய்கிறாள் என்பதை அப்புறம் எழுதலாம்.

உன் அக்கா,
உண்மையான ரயீசா


திபிலிசி
பிப்ரவரி 3, 2013

அக்கா,

டிராம் கதைக்கு இப்போது நேரமில்லை. அவசரமாக ஒரு வேலை இருக்கிறது.

உல்யாவுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். மற்ற போட்டிகளுக்கு ஜோடியில் ஒருவர் இந்த நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு அது போதாது, இரண்டு பேரும் ஒரே நாடாக இருக்க வேண்டும். செப்டம்பரில் தகுதிப் போட்டி. அதில் இடம் கிடைத்தால் அடுத்த பிப்ரவரியில் சோச்சி. நம் நாட்டில் நடக்கிற ஒலிம்பிக்கில் அவள் வேறு கொடியோடு வருவாள். உன் டிராம் தாத்தாவிடம் சொல்லிக்கொள்.

அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் தாயின் சம்மதம் வேண்டும். அவள் அப்பா வடக்கே எண்ணெய்க் கிணற்றுக்குப் போனவர் போனவர்தான் என்று கோர்ட்டே எழுதிக் கொடுத்துவிட்டதால் உன் கையெழுத்து ஒன்று போதும். நீ பெர்மிலேயே ஒரு நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் ரயீசா. இங்கே நானும் ரயீசா. யாருக்கும் எதுவும் தோன்றாது. ஏப்ரல் முடிவதற்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. மறைத்தால் பிறகு என்னைத்தான் சொல்வாய். அவள் வளருகிறாள். கோடையில் நான் தைத்த உடையின் கை இப்போது மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. யாருக்கும் தெரியாமல் மடிப்பைப் பிரித்து விட்டுக்கொண்டிருக்கிறேன். ரெவாஸ் மாதம் ஒருமுறை ரிங்க் கதவு நிலையில் அவளை நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறார். அவள் தளர்ந்த பேண்ட் போட்டுக்கொண்டு, உள்ளே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூச்சை விட்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறாள். நன்றாகப் பழகிவிட்டாள். கோடு போன கோடையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சாப்பாடு கேட்டாய். காலையில் ஒரு முட்டை. மத்தியானம் ஒரு கைப்பிடி கோதுமைக் கஞ்சி. இரவுக்கு ஆப்பிள். நான் பட்டினி போடவில்லை, அவளே கேட்டுக்கொண்டது.

நீ இங்கே வர வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும்.

ஸோயா


பெர்ம்
பிப்ரவரி 20, 2013

ஸோயா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நோட்டரியிடம் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உதட்டில் சாயம்கூடப் பூசிக்கொண்டு போனேன். வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த அம்மாளிடம் அவள் மருமகளைப் பற்றி எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் முறை வந்தது. நோட்டரி கண்ணாடிக்காரர், நல்ல மனுஷன். காகிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பொண்ணு இப்ப அங்க யார்கூட இருக்கா?"

நான் பளிச்சென்று சொன்னேன், "அவங்க அம்மாகூட."

தட்டச்சு நின்றது. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "அப்ப நீங்க யாரு?" என்றார்.

நான் எவ்வளவு வாயாடி என்று உனக்குத் தெரியும். டிக்கெட் வாங்காத குடிகாரன் என்ன சொன்னாலும் அவனுக்குத் திருப்பிச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும். அன்றைக்குக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படி.

ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கஞ்சி. நம் வீட்டுப் பூனை அதைவிட அதிகமாகத் தின்றுவிட்டு என்னைத் திட்டுகிறது. அவளே கேட்டாள் என்கிறாய். நாலு வயசில் அவள் சோப்புக்கட்டியைத் தின்னக் கேட்டாள், நான் கொடுத்தேனா? நான் ஆள் மாற்றி அனுப்பியது அவள் வளருவாள் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. வளரவே கூடாது என்று இல்லை. வளருகிற பிள்ளை முழங்காலை மடக்கி நிற்கிறது, நீ பக்கத்தில் நின்று பழகிவிட்டாள் என்று எழுதுகிறாய்.

அவளிடம் கேட்டு எழுது. தலை சுற்றுகிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இரண்டுக்கும் உண்மையைச் சொல்லச் சொல். பதில் வந்த பிறகு நோட்டரியிடம் மறுபடி போகிறேன். அவர் கண்ணில் எப்படி விழிப்பேன் என்றுதான் தெரியவில்லை. வேறு ஆள் பார்க்கணும்.

அக்கா


திபிலிசி
மார்ச் 12, 2013

அக்கா,

சோப்புக்கட்டி. உனக்கு எல்லாமே சிரிப்புக் கதை.

தையல் கடையை மூடிவிட்டு நான் இங்கே வந்து ஒரு வருடமாகப் போகிறது. என் வாடிக்கைக்காரர்களை எல்லாம் எதிர்க்கடைக்காரி எடுத்துக்கொண்டாள். இங்கே ஒரு பியானோவுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில் போட்டுத் தூங்குகிறேன். மனானா பியானோ டீச்சர், காலையில் பிள்ளைகள் வந்து என் தலைமாட்டில் ஒரே பாட்டைத் தப்பாக வாசிக்கிறார்கள். உல்யாவின் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறவள் நான். அவள் அழுதால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெளியே கேட்காமல் பார்த்துக்கொள்கிறவள் நான். நீ டிராமில் ஜோக் அடித்துவிட்டு அதை எனக்கு எழுதி அனுப்புகிறாய். நீ வாய்க்கு வாய் சொல்கிற அந்த மகளுக்கு இரவில் போர்வையை இழுத்துவிடுவது யார்?

நீ கேட்டதற்குப் பதில். தலை சுற்றுகிறது. மற்றது நவம்பரிலிருந்து வரவில்லை. போன வாரம் லேவான் அவளைத் தூக்கி எறிந்தபோது காற்றிலேயே அவளுக்குக் கண் இருட்டிவிட்டது. இறங்கும்போது தாடை பனிக்கட்டியில் இடித்துத் தையல் போட்டிருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். இப்போது திருப்திதானே?

ஆனால் அவள் அடுத்த நாளே பனிக்கட்டிக்குப் போய்விட்டாள். நான் சொல்லிப் போகவில்லை, என்னைத் தள்ளிவிட்டுப் போனாள். அவளுக்கு இது வேண்டும் அக்கா. அவளுக்கு வேண்டும் என்பதை நீ நம்பவே மாட்டாய், ஏனென்றால் நீ இங்கே இல்லை. இப்போது ரெவாஸுக்குத் தெரிந்தால் மாஸ்கோவிலிருந்து வேறு பெண்ணை வரவழைத்துவிடுவார். அவள் எந்த நாட்டுக்கும் இல்லாமல் பெர்முக்கு வந்து உன் டிராமில் டிக்கெட் கொடுப்பாள். உனக்கு அதுதான் வேண்டுமோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் முடிவதற்குள் உன் கையெழுத்து வரவில்லை என்றால் நான் போட்டுவிடுவேன். இங்கே நோட்டரி லேவானுக்கு மாமா முறை. ஒரு வருடமாக என் கையால் காபி குடித்துக்கொண்டிருக்கிறார், என்னிடம் பாஸ்போர்ட் கேட்கமாட்டார். இந்த ஊரில் ரயீசா நான்தான்.

ஸோயா


பெர்ம்
மார்ச் 23, 2013

ஸோயா,

லீவு போட்டுவிட்டேன். விளாதிகாவ்காஸ் வரைக்கும் ரயில், அங்கிருந்து மலைக்கு மேல் பஸ். பனி சரிந்து பாதையை மூடாமல் இருந்தால் ஏப்ரல் முதல் வாரம் வந்து சேருவேன்.

நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. இது ஜோக் இல்லை.

ரயீசா


திபிலிசி
ஏப்ரல் 4, 2013
(உல்யா கையில் கொடுத்துவிட்டது)

அக்கா,

நீ இதைப் படிக்கும்போது நான் ரயிலில் இருப்பேன். உன் வீட்டுச் சாவியை நீ வழக்கமாக வைக்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உன் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அம்மா என்று நடிக்க என்னால் முடியாது. முடியும் என்று நினைத்தேன். நீ வருகிறாய் என்று உல்யாவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் முடியாது என்று தெரிந்துவிட்டது.

மனானாவிடம் என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நான் வரும்வரை என் அக்கா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நான் ரயீசா என்பதால் உனக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இங்கே நீ ஸோயா. மறந்துவிடாதே, கூப்பிட்டால் திரும்பிப் பார்.

நான் எந்தக் கையெழுத்தும் போடவில்லை.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெரியம்மாவாகவே இருந்துவிட்டுப் போ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம்மைத் தெரியாத நோட்டரி ஒருவரிடம் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடு, போடாவிட்டால் போ. ஆனால் ரிங்க் பக்கம் போகாதே. ரெவாஸ் உன் தோளைப் பார்த்தால் போதும், உல்யாவின் தோளும் அதேதான்.

ஸோயா


திபிலிசி
ஏப்ரல் 15, 2013

ஸோயா,

பூனைக்கு மீன் தலை போட்டால் குழம்போடு போடு, வெறுமனே தின்னாது. இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

பஸ் ஸ்டாண்டில் உல்யா நின்றிருந்தாள், பக்கத்தில் லேவான். நான் இறங்கியதும் ஓடி வந்தாள், பாதி வழியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "வாங்க பெரியம்மா" என்றாள். தாடையில் தையல் தழும்பு சிவப்பாக இருந்தது. கட்டிக்கொண்டேன். முதுகில் என் கை எலும்பை எண்ணியது. லேவான் என் பெட்டியைத் தூக்கினான், இடது கையால். வலது கையால் தூக்கவே இல்லை. அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

பெரியம்மாவாகத்தான் இருந்தேன். சத்தியமாக. மனானா என்னை ஸோயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன், இரண்டொரு தடவை நேரமானது, காது மந்தம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்த அம்மாள் என் காதுக்குள் கத்துகிறாள். சீஸ் ரொட்டி சுட்டுச் சுட்டுப் போடுகிறாள், நானும் தின்கிறேன், உல்யா எதிரில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். எனக்கு ஜோக்கு ஒன்றும் வரவில்லை ஸோயா. மலைப்பாதையில் எங்கோ விழுந்துவிட்டது போல.

தனியாக இருக்கும்போது கேட்டேன், வந்துவிடுகிறாயா என்று. மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நீ எழுதியது சரி, அவளுக்கு இது வேண்டும். அதை நான் இங்கே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒன்றுக்கு உன்னிடம் தலையைக் குனிகிறேன். மற்றதற்கெல்லாம் இல்லை.

ரிங்குக்குப் போகாதே என்றாய். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மனானா பிள்ளைகளுக்குச் சூடாக டீ கொண்டுபோகக் கிளம்பினாள், நீங்களும் வாங்க, வீட்டில் தனியாக என்ன செய்வீர்கள் என்றாள். காது மந்தத்தைக் காட்டிப் பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரெவாஸ் என்னைப் பார்த்தார். ஸ்கார்ஃபிலிருந்து ஷூ வரைக்கும், திரும்ப ஷூவிலிருந்து ஸ்கார்ஃப் வரைக்கும். சிரித்துக்கொண்டே, உங்கள் குடும்பத்தில் தங்கச்சி ஊசி, அக்கா அலமாரியா என்று கேட்டார். நானும் சிரித்தேன், தங்கச்சி பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டுவிட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், விஷயம் அதோடு முடிந்துபோனது. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அளக்கிற நாள் என்று யார் கண்டது? ரெவாஸ் காதுக்குப் பின்னால் இருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். உல்யா போய் நின்றாள். நீ எழுதியதை நான் படித்திருந்தேன்தான், ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு ஸோயா. என் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாள். மூச்சை விட்டாள், வயிறு உள்ளே போனது. தோள் இறங்கியது. கழுத்து காணாமல் போனது. யாரோ அவள் தலையில் கை வைத்து உள்ளே அமுக்குகிற மாதிரி. ரெவாஸ் பென்சிலைத் தலைமேல் படுக்க வைத்தார். லேவான் அந்தப் பக்கமாகத் திரும்பி ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், ஏற்கனவே கட்டிய கயிற்றை.

நான் யோசித்துச் செய்யவில்லை. டிராமில் கம்பியில் தொங்கிக்கொண்டு வழியை அடைக்கிற பள்ளிக்கூடப் பெண்களிடம் சொல்கிற அதே குரலில் வாய் திறந்துகொண்டது.

"நேரா நில்லுடி."

அவள் நிமிர்ந்துவிட்டாள். கழுத்து வந்தது, தோள் வந்தது, முழங்கால் நேரானது. பென்சில் ரெவாஸ் கையிலிருந்து தட்டிவிடப்பட்டுக் கீழே விழுந்து உருண்டது. நிமிர்ந்த வேகத்திலேயே அவள் சொன்னாள்.

"சரிம்மா."

அவ்வளவுதான். உல்யா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ரெவாஸ் கதவில் இருந்த பழைய கோட்டைப் பார்த்தார், அவள் தலை உச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை, கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். குனிந்து பென்சிலை எடுத்து, புது உயரத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார். பழைய கோட்டுக்கும் அதற்கும் நடுவில் என் கை விரல் நாலும் போகும்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் இந்தப் புள்ளையைக் காத்துல எறியச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவ உயரத்தை வெச்சுத்தான் கணக்கே. எவ்வளவு சுத்தணும், எங்க இறங்கணும், எல்லாம் அதுல இருந்துதான். தப்பான கணக்குல எறிஞ்சா தாடையோட போகாது, கழுத்து போகும்."

அந்தத் தாடைத் தையலுக்குப் பட்டினி மட்டும் காரணம் இல்லை, நாம் மாற்றிக் காட்டிய அம்மாவும்தான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்போது லேவான் எழுந்தான்.

"எனக்குத் தெரியும் சார். பிப்ரவரியிலயே தெரியும். தூக்குறவன் நான்தானே."

சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினான். வலது தோள் முழுக்கப் பிளாஸ்திரி. அவள் உயரமாகிவிட்டாள் என்று அவன் வாயைத் திறந்தால் இந்தப் பெண்ணை அனுப்பிவிடுவார்கள். புதுப் பெண்ணோடு பழகி முடிக்கும்போது ஒலிம்பிக்கும் முடிந்திருக்கும். அதனால் அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தான். நீ மடிப்பைப் பிரித்தாய், அவள் முழங்காலை மடக்கினாள், அவன் தோளை மூடிக்கொண்டான். எல்லோரும் ரெவாஸிடமிருந்துதான் மறைத்தார்கள்.

மனானா தன் பையனின் தோளைப் பார்த்ததும் அவனை ஒரு அறை விட்டாள், பிறகு அதே தோளைத் தடவிக்கொண்டு அழுதாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் வீட்ல ஒரு வருஷம் சாப்ட்டவளோட பேரு என்ன?"

"ஸோயா" என்றேன்.

"நம்ம ரெண்டு நாட்டுக்கும் சண்டை நடந்தப்ப என் அண்ணன் வீடு எரிஞ்சு போச்சு. அது தெரிஞ்சும் உங்க ஆளுங்களுக்குக் கட்டில் போட்டேன். எனக்குப் பேரைக்கூடப் பொய்யாச் சொன்னா." அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேஜையில் மூடி வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிடத்தான் செய்தேன்.

ரெவாஸ் நேற்று எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். மாஸ்கோவில் இரண்டு பெண்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதை உல்யாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். லேவான் இவள் இல்லாமல் ஆடமாட்டேன் என்றான். பையா, உன் தோள் ஒரு கருத்துச் சொல்லும், அதையும் கேட்டுக்கொள் என்றார். கடைசியில் செப்டம்பர் வரைக்கும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒற்றைக் கையில் தூக்குவது போய்விட்டது. எறிவதில் ஒரு சுற்றைக் குறைத்தாயிற்று. மார்க் குறையும், இடம் கிடைக்குமா என்று தனக்கே தெரியாது என்கிறார். இன்னும் வளர்ந்தால் நிறுத்திவிடுவார். அவள் சாப்பிடாவிட்டால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். அதை அவர்தான் சொன்னார், நான் இல்லை. உல்யாவை டாக்டரிடமும் காட்டியாயிற்று, மாத்திரை கொடுத்திருக்கிறார்.

இன்றைக்குக் காலை நோட்டரி மாமாவிடம் போனோம். பாஸ்போர்ட்டை நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்குக் காபி போட்டுக் குடுத்த ரயீசா இவ்வளவு பெரிய ஆளா இல்லையே" என்றார். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு உல்யாவிடம் கேட்டேன்.

"இதுல கையெழுத்துப் போட்டப்புறம் அவங்க உன்னை வேணாம்னுட்டா?"

"தனியா ஆடுவேன். தூக்கவே ஆள் வேணாம்."

"அதுக்கும் எடம் கிடைக்கலன்னா?"

"அம்மா, போடு."

போட்டுவிட்டேன்.

அவள் இப்போது எதிரில் உட்கார்ந்து கஞ்சி சாப்பிடுகிறாள். சந்தோஷமாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் என்னை ஒரு முறை முறைக்கிறாள். முறைக்கட்டும்.

என் லீவு முடியப் போகிறது. இங்கே அவளோடு ஒருத்தி இருக்க வேண்டும். மனானா இன்று மத்தியானம் முதல்முறையாகப் பேசினாள். உங்கள் தங்கச்சி வரட்டும், தன் பெயரைத் தானே என்னிடம் சொல்லட்டும், அப்புறம் கட்டில் போடுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன் என்றாள். போடுவாள் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

வா.

அக்கா


பெர்ம்
ஏப்ரல் 27, 2013

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. கழுத்து போகும் என்று ரெவாஸ் சொன்ன இடத்தை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் பிரித்தது என் கை. இதை இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இன்னொரு இடத்தைப் பல தடவை படித்தேன். "சரிம்மா" என்று அவள் சொன்ன இடம். ஒரு வருடமாக அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் பழகிப்போனேன், அதை உன்னிடம் குத்திக் காட்டவும் செய்தேன். ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்றும் இல்லை, சித்தி என்றும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் "தண்ணி" என்பாள். கால் வலித்தால் காலை நீட்டுவாள். ஒரு வருடம்.

மனானாவிடம் நான் வந்து சொல்கிறேன். மன்னிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டில் போடாவிட்டால் தரையில் படுத்துக்கொள்கிறேன், பியானோவுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்.

உல்யாவின் உடையை வேறு யாரும் தொட வேண்டாம். இனிப் பிரித்து விடுவதற்குத் துணி மிச்சமில்லை, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளவெடுக்கிறேன்.

திங்கட்கிழமை ரயில் ஏறுகிறேன். பூனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வராதே, லேவானையும் அனுப்பாதே. உல்யா மட்டும் தனியாக வரட்டும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவள் என்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று நான் கேட்க வேண்டும்.

ஸோயா